பட்டா ஒருவர் பெயரில், பாடு ஒருவர் தலையில்

மும்பை, தில்லி, நாக்பூர் என்று எங்கே பிழைக்க வந்தாலும், நம்மில் பலருக்கு ஊரில் ஓர் ஏக்கரோ அரை ஏக்கரோ நிலம் இருக்கிறது. அப்பா வைத்துவிட்டுப் போனது. யாரோ குத்தகைக்குப் பயிர் செய்கிறார்கள். அந்த நிலத்தைக் காட்டி மத்திய அரசிடம் பணம் வாங்க யாருக்கு உரிமை உண்டு என்பதை நாம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

'பி.எம். கிசான்' திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளில் நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது. முதலில் 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றார்கள். அதே ஆண்டில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள்.

ஆனால் வருமான வரி கட்டியவர்களுக்கு இது கிடையாது. கடைநிலை ஊழியர் நீங்கலாக அரசு ஊழியர்களுக்கும், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ பென்ஷன் வாங்குபவர்களுக்கும் கிடையாது. ரயில்வேயில் ஓய்வு பெற்ற எனக்கும் கிடையாது, அது நியாயம்தான். குடும்பம் என்றால் கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள் மட்டுமே. ஆகவே இங்கே மகன் வரி கட்டுகிறான் என்பதற்காக, ஊரில் தன் பெயரில் பட்டா வைத்துப் பயிர் செய்யும் தகப்பனாருக்குப் பணம் நின்றுவிடாது. பட்டா இன்னும் காலஞ்சென்ற தாத்தா பெயரில் இருந்தால்தான் சிக்கல். அதை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பட்டியலில் தவறான பெயர்கள் ஏறியதும் உண்டு. 2020-ல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட தமிழக மாவட்டங்களில் தகுதியில்லாத லட்சக்கணக்கானோரைத் தரகர்கள் விவசாயிகளாகப் பதிவு செய்துவிட்டார்கள். போன பணம் 110 கோடி ரூபாய்க்கு மேல். சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது, தரகர்கள் கைதானார்கள், ஊழியர்கள் பலர் வேலை இழந்தார்கள். நாடு முழுவதும் தகுதியில்லாத 42 லட்சம் பேருக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் போனதாக 2021-ல் நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். கிராம வாரியான பயனாளிகள் பட்டியல் இணையதளத்தில் இருக்கிறது. நம் ஊர்ப் பட்டியலை ஒருமுறை பார்ப்பதில் தவறில்லை. நம் வீட்டில் யாராவது தகுதியில்லாமல் வாங்கியிருந்தால், திருப்பிச் செலுத்தவும் அங்கேயே வழி உண்டு.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அதில் தரகர் யாரும் இல்லை, சட்டப்படியே நடக்கிறது. பணம் பட்டாதாரருக்குத்தான், உழுகிறவருக்கு அல்ல. வெளியூரில் இருக்கும் நாம் வரி கட்டுவதால் வாங்க முடியாது; சேற்றில் நிற்கும் குத்தகைதாரர் பட்டா இல்லாததால் வாங்க முடியாது. தெலங்கானாவில் 2018-ல் வந்த 'ரைத்து பந்து' திட்டமும் பட்டாதாரருக்கே பணம் கொடுத்தது. ஒடிசாவில் அதே ஆண்டு இறுதியில் அறிவித்த 'காலியா' திட்டம் நிலமில்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டது. மனம் இருந்தால் வழி உண்டு என்பதற்கு அது சாட்சி.

குத்தகையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969-லேயே சட்டம் வந்தது. பதிந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில் நிலச் சொந்தக்காரர்கள் பலர் வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாமும் அவர்களில் சேர்ந்தவர்கள்தான். கையில் ஒரு காகிதமும் இல்லாமல் உழைப்பவருக்கு வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் நிவாரணம் கேட்க ஆதாரம் இல்லை.

பி.எம். கிசான் விதியை நாம் மாற்ற முடியாது. ஆனால் பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். அதற்குக் கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்று வேண்டும். அவர் பெயருக்கு அந்தச் சான்று கொடுக்க நமக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது குலதெய்வத்தைக் கும்பிட்ட கையோடு, அந்த அலுவலகத்துக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.