முதலில் நடைபாதை, அப்புறம் ஸ்மார்ட் கம்பம்

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வருவது. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் பழைய பஸ் ஸ்டாண்டு, குமரன் ரோடு, காதர்பேட்டைப் பக்கம் கூட்டம் திரும்பும். நாளெல்லாம் ஓவர்லாக் மிஷினில் குனிந்திருந்தவருக்கு இடுப்பு நிமிராது, செக்கிங்கில் நின்றே வேலை பார்த்தவருக்குக் கால் வீங்கியிருக்கும். இடுப்பில் குழந்தையோடு வருபவர், ஊன்றுகோலோடு வருபவர், பார்வையில்லாதவர் என எல்லோரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. ஆண்டுக்கு 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊரில் இவர்களுக்கு ஒதுங்கி நடக்க ஒரு பாதை வேண்டும்.

2017 ஜூனில் திருப்பூர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. மத்திய அரசின் அந்தத் திட்டம் 2025 மார்ச் 31ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனாலும் கேமரா கம்பம், சார்ஜர் வைத்த இருக்கை, தொடுதிரைப் பலகை போன்றவற்றை இனிமேலும் ஊர்தோறும் வைக்கத்தான் போகிறார்கள். வைக்கட்டும். எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்கிறது இந்திய சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 103 வழிகாட்டி. அந்த 1.8 மீட்டரின் நடுவில் 45 சென்டிமீட்டர் அகலப் பெட்டியோடு ஒரு கம்பத்தை நட்டால் இருபுறமும் 67.5 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். சக்கர நாற்காலியைக் கையால் தள்ளி வருபவர் அதில் நுழைய முடியாது. ரோட்டில் இறங்கி லாரிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவேதான் போயாக வேண்டும். விளக்குக் கம்பமும் மரமும் நிற்கும் ஓரப் பட்டைக்குள்ளேயே அதே கம்பத்தை நட்டிருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. பைக் ஏறாமல் தடுக்க நடும் குட்டைத் தூண்களுக்கு நடுவிலும் சக்கர நாற்காலி நுழைய இடைவெளி வேண்டும்.

நடைபாதை மஞ்சள் டைல்ஸை அழகுக்குப் பதித்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அது பார்வையற்றவருக்கு வழிகாட்ட. நீளக் கோடு இருந்தால் நடக்கலாம், புள்ளி இருந்தால் நிற்க வேண்டும். கோடு வர வேண்டிய இடத்தில் புள்ளி டைல்ஸைப் பதித்தால் பார்வையற்றவர் காரணம் தெரியாமல் நின்றுவிடுவார். கோடு நேராகப் போய்க் கம்பத்தில் முட்டினால் அவர் முகத்தில் அடிபடும். சாய்தளத்தில் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இடமில்லை என்று செங்குத்தாகக் கட்டிய சாய்தளம் ஆளைக் கவிழ்க்கும். சித்திரை வெயிலில் இரும்பு இருக்கையில் யார் உட்கார முடியும்? நிழலும், சாய்மானமும், எழும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் வேண்டும். பஸ் எண்ணைத் திரையில் காட்டுவதோடு குரலிலும் சொன்னால் பார்வையற்றவருக்கு மட்டுமல்ல, தமிழ் படிக்கத் தெரியாத ஒடிசா, பீகார் தொழிலாளிக்கும் உதவும்.

இவற்றைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இவற்றைச் சட்டக் கடமையாக்கியிருக்கிறது. பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் உட்பட ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்தாண்டு கெடு தந்தது 45ஆம் பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வந்தன, கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மையை வெறும் பரிந்துரையாக விட முடியாது, கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறினால் 89ஆம் பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம்.

தடையைப் பார்த்தால், டேப் வைத்து அளந்து, அளவு தெரியும்படி போட்டோ எடுங்கள். மாநகராட்சிக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும், 1100 என்ற அரசு உதவி எண்ணிலும் பதியலாம். அந்த ரோடு மாநகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று அலையவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அந்த வேலையின் வரைபடத்தையும் மதிப்பீட்டையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்குப் போன மனுவை அவர்களே ஐந்து நாளில் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். வேலை தொடங்கும் முன்பே வரைபடத்தைக் கேட்பது இன்னும் நல்லது. பேப்பரில் இருக்கும் கம்பத்தை நகர்த்தச் செலவில்லை.

அதிலும் வேலை நடக்காவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதலாம். சாட்சியை அழைக்கவும் ஆவணத்தை வரவழைக்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரைத்தால் எடுத்த நடவடிக்கையைச் சம்பந்தப்பட்ட துறை மூன்று மாதத்தில் தெரிவிக்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நடைபாதையை மீட்பது என்றதும் முதலில் விரட்டப்படுவது தள்ளுவண்டிக்காரர்கள்தான். கடை வாசலில் வரிசையாக நிற்கும் பைக்குகளும், லோடு ஏற்றக் காத்திருக்கும் பனியன் மூட்டைகளும் அப்படியே இருக்கும். சாலையோர வியாபாரிகள் சட்டம், 2014 தள்ளுவண்டிக்காரர்களுக்கும் பாதுகாப்புத் தருகிறது. இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஊன்றுகோலோடு வருபவரையும் இட்லிக் கடை அக்காவையும் மோதவிடும் திட்டத்துக்கு நாம் துணைபோகக் கூடாது.

நீதிமன்றம் வரை போக நேர்ந்தால் வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவு பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மட்டுமல்ல, ஆலைத் தொழிலாளர்களுக்கும் இலவச சட்ட உதவி தருகிறது. பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேராகப் போய் மனு கொடுக்கலாம்.