லாலி ரோட்டில் ஒரு க்ளிக்!

நண்பனிடம் கெஞ்சி, நிக்கான் கேமராவும் 50 எம்.எம். லென்ஸும் ஓசி வாங்கிக்கொண்டு கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். 1868-ல் சைதாப்பேட்டையில் சின்னப் பள்ளியாக ஆரம்பித்து, 1906-ல் கோவைக்கு வந்து, 1971-ல் பல்கலைக்கழகமான இடம்.

அந்தப் பழைய சிவப்புக் கட்டடம் லென்ஸுக்குள் அடங்கவே இல்லை. கேமராவை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் மல்லாக்கச் சாய்கிறது! நேராகப் பிடித்தபடி பின்னாலேயே நடந்தேன்... நடந்தேன்... முதுகில் மரம் இடித்தது. அங்கிருந்துதான் முழுசாக விழுந்தது. சாயங்கால வெயிலில் செக்கச்செவேல்!

நான் இங்கே அக்ரி படிக்கணும் என்று அப்பாவுக்குக் கொள்ளை ஆசை. மார்க் பத்தாமல் பி.காம். போனவன் நான். படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கட்டடம் நல்லாத்தான் இருக்குது... நீ எங்கடா?"

அடுத்த ஞாயிறு மறுபடி போறேன் ஸார். இந்தத் தடவை நண்பனும் வர்றான். க்ளிக் பண்ண ஆள் வேணுமே!