ஏற்றத்துக்கு முன் சமதரை

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் நிமிர்ந்து பார்த்தால் ஏற்றம்தான்: கெக் லோக் சி கோயில் படிகள், அணைக்கட்டுக்குப் போகும் சாலை, 833 மீட்டர் கொடிமலை. மாரடைப்பிலிருந்து மீண்டவருக்கு இவை அச்சமூட்டுவது இயல்பு. ஆனால் முறையான மறுவாழ்வுப் பயிற்சி கிடைக்கவில்லை என்று நாற்காலியிலேயே தங்கிவிடுவது இன்னும் ஆபத்து. ஒரு காலத்தில் மருத்துவமே நோயாளியை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தியது. 1952-இல் லெவைன், லோன் என்ற இரு மருத்துவர்கள் நோயாளிகளைச் சீக்கிரமே எழுப்பி உட்காரவைத்து அந்த வழக்கத்தை அசைத்தார்கள். அசையாத உடலில் தசை கரையும், கால்களில் ரத்தம் உறையும். நடந்து பழகிய தசையோ ஆக்ஸிஜனை நன்றாக எடுத்துக்கொள்ளும். அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடித்தால் போதும்.

உடற்பயிற்சி மட்டும் காப்பாற்றிவிடுமா என்றால், இல்லை. இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் மாரடைப்பு வந்த 3,959 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான யோகா-கேர் ஆய்வில், 13 வகுப்புகளில் யோகம் கற்றவர்கள் பழைய அன்றாட வேலைகளுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் திரும்பினார்கள். மரணமும் மறு மாரடைப்பும் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. ஆகவே மாத்திரையை நிறுத்தக் கூடாது. அந்த ஆய்வில் கற்றுத்தர ஆள் இருந்தார். தனியாக நடப்பவருக்கு அந்தக் காவல் இல்லை என்பதும் உண்மை. அதனால்தான் மருத்துவரின் அனுமதி முதலில் வேண்டும். பிறகு வெயில் ஏறுமுன், சமதரையில், ஐந்து பத்து நிமிடம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில். வாரந்தோறும் சில நிமிடம் கூட்டலாம். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே நிற்க வேண்டும். நின்றும் வலி தணியாவிட்டால் 999-ஐ அழைக்க வேண்டும். அணைக்கட்டுச் சாலை பிறகு, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு.