"குடிக்கலை சார்... கார்டைப் பாருங்க!"

லண்டனில் ஒரு சனிக்கிழமை ராத்திரி. தெருவில் ஒருவர் தள்ளாடித் தள்ளாடி நடந்து வருகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். போலீஸ்காரர் நிறுத்துகிறார். பெயரைக் கேட்டால் நாக்கு குழறுகிறது. அதட்டினால் சுள்ளென்று கோபம் வருகிறது.

நாம் என்ன நினைப்போம்? "ஃபுல் லோடு!"

தப்பு. மனுஷர் வாழ்நாளில் ஒரு சொட்டுகூடத் தொடாதவராக இருக்கலாம். எப்போதோ நடந்த விபத்தில் மூளையில் அடி. காயம் ஆறிவிட்டது. நடை, பேச்சு, நிதானம் மூன்றும் பழையபடி திரும்பவில்லை!

இவர்கள் சட்டைப் பையில் வைத்துக் கொள்ள பிரிட்டனில் ஓர் அடையாள அட்டையே இருக்கிறது. போட்டோ, பெயர், அவருக்குள்ள சிரமங்கள் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். 2017-ல் அதை அறிமுகப்படுத்தி வைத்தவர் இளவரசர் ஹாரி. வழங்குவது 'ஹெட்வே' என்ற அமைப்பு.

ஹெட்வே துவங்கியது 1979-ல். தலைமையகம் நாட்டிங்ஹாம். ஆஸ்பத்திரி உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பி விடுகிறது. சரி, அப்புறம்? அந்த 'அப்புறம்'தான் இவர்களுடைய வேலை. பல ஊர்களில் குழுக்கள். அடிபட்டவர்களும் குடும்பத்தாரும் கூடி உட்கார்ந்து பேசுகிறார்கள்.

பேசினால் என்ன ஆகிவிடும்?

கை உடைந்தால் கட்டு தெரியும், ஊரே விசாரிக்கும். மூளையில் அடிபட்டவரைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கீங்க!" என்பார்கள். உள்ளே நடப்பது வேறு. குளித்து சட்டை மாட்டுவதற்குள் நாள் முழுக்க மூட்டை தூக்கின மாதிரி களைப்பு. அடுப்பில் பால் வைத்தது மறந்து போகும். நாலு பேர் ஒரே சமயத்தில் பேசினால் ஒன்றும் புரியாது. முன்மூளையில் அடி என்றால் கோபத்துக்கு பிரேக் பிடிக்காது. வீட்டில் கிடைக்கும் பட்டம்: 'சோம்பேறி', 'வேணும்னே பண்றார்'!

டாக்டர் இதையெல்லாம் விளக்கலாம். ஆனால், "எனக்கும் அப்படித்தான்யா!" என்று சொல்ல இன்னொரு அடிபட்டவரால்தான் முடியும். அதைக் கேட்டதுமே பாதி பாரம் இறங்கிவிடும். பிறகு வித்தைகள் கைமாறும். பையில் ஒரு குட்டி நோட்டு, போனில் அலாரம், ஒரு நேரத்துக்கு ஒரு வேலை, களைத்துப் போகும் முன்பே ஓய்வு... இப்படி.

மனைவிமாருக்கும் இங்கே ஆறுதல் உண்டு. உயிரோடு திரும்பினார், ஆனால் பழைய மனுஷர் திரும்பவில்லை என்ற துக்கத்தை அவர்கள் வேறு எங்கே போய்ச் சொல்வார்கள்?

கிழக்கு லண்டன் கிளையில் ஓர் ஓவியக்கூடமே நடக்கிறது. வருகிறவர்களை 'நோயாளி' என்று சொல்வதில்லை; எல்லோரும் 'மெம்பர்'. அடிபடுவதற்கு முன் தூரிகையே பிடிக்காதவர்களும் அதில் உண்டு. 2023-ல் இவர்களுடைய படைப்புகள் லண்டனின் புகழ்பெற்ற பார்பிகன் கலை மையத்தில் கண்காட்சியாக வைக்கப்பட்டன!

இதெல்லாம் வைத்தியத்துக்குப் பதில் என்று யாரும் சொல்லவில்லை. மருந்து மருந்துதான், பிசியோதெரபி பிசியோதெரபிதான். மருந்துச் சீட்டில் எழுத முடியாத ஒன்று மட்டும் இங்கே கிடைக்கிறது. துணை!

உங்கள் ஆபீஸிலும் விபத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய ஒருவர் இருக்கலாம். சொன்னதையே மறுபடி கேட்டால், 'ட்யூப்லைட்' என்று கிண்டலடிக்குமுன் ஒரு நிமிஷம் பொறுங்கள்.

எடுத்துக் காட்ட அவர் பையில் கார்டு இல்லை.