பழைய எஞ்சின்: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?



இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை பதினாறு இலட்சத்துக்கு மேற் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் கார்களிற் சில நம் நாட்டு வீதிகளில் இன்றும் ஓடுகின்றன. 1990க்குப் பின் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் அரிதானபோது, இவை போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். கீழிறங்கி எஞ்சின் ஒயிலையும் நீர்க்கச் செய்யும். அதனாலே தேய்வு விரைவுபடும்.

இத்தகைய கார் ஒன்று வலுக்குன்றி நிற்கையில், வேறு எஞ்சின் பூட்டும்படி ஒருவர் சொல்வார். திறந்து திருத்தலாம் என்பார் மற்றொருவர். எவர் சொல்லையும் ஏற்குமுன் எஞ்சினையே சோதித்தறிதல் வேண்டும்.

நீலப்புகை ஒயில் எரிவதன் அடையாளம். எஞ்சின் நன்கு சூடேறிய பின்னும் ஓயாத வெண்புகையும், பால்போல் வெளுத்த ஒயிலும் தண்ணீர் உட்புகுந்ததைக் காட்டுவன. ஒயில் அழுத்தம் குறைந்து, அடியிற் கனத்த தட்டொலி கேட்குமாயின் கிராங்கின் பேரிங்குகளை ஐயுற வேண்டும்.

அடுத்து, பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளத்தல் வேண்டும். குறைந்த சிலிண்டரிற் சிறிதளவு ஒயில் விட்டு மீண்டும் அளக்கும்போது அமுக்கம் உயருமாயின், றிங்குகளோ சிலிண்டர்ச் சுவரோ தேய்ந்துள்ளன. உயராவிடின் குற்றம் வால்வுகளிலோ ஹெட் காஸ்கெற்றிலோ இருக்கலாம். அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் மட்டும் குறைந்திருப்பின், அவற்றினிடையே காஸ்கெற் எரிந்திருத்தல் கூடும். இவை ஹெட்டைக் கழற்றியே திருத்தத்தக்கவை. இவற்றுக்காக எஞ்சினை மாற்றுவது வீண்செலவு.

சிலிண்டர் தேய்ந்திருந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. அதனைக் கடைந்து பெருப்பித்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களைப் பூட்டலாம். முன்னரே எல்லைவரை கடையப்பட்டிருப்பின் உள்ளே உறை பொருத்தலாம். கிராங்கையும் அவ்வாறே அரைத்து, அளவுக்கேற்ற பேரிங்குகளை இடலாம். ஆனால் நீள்வட்டமாய்த் தேய்ந்த சிலிண்டரிற் புது றிங்குகளை மட்டும் இடுவது நெடுநாள் பயன் தராது.

பிளொக் வெடித்திருந்தாலோ, உடைந்த கொனெக்ரிங் றொட் அதன் பக்கத்தைத் துளைத்திருந்தாலோ மாற்றுவதே பெரும்பாலும் அறிவுடைமை. மாற்றும் எஞ்சினையும், இயலுமாயின் ஓடவிட்டுக் கேட்டு, அமுக்கத்தை அளந்த பின்னரே வாங்குக. ஒரே குடும்பத்து எஞ்சின்களிடையும் வேறுபாடுண்டு. 1956இல் வந்த 948 சீசீ எஞ்சினின் கிளச்சு 6¼ அங்குலம். 1962இல் வந்த 1098 சீசீ எஞ்சினின் கிளச்சு 7¼ அங்குலம். ஆகவே பின்னதை வாங்குவோர் அதற்குரிய கியர் பெட்டியையும் சேர்த்துப் பெறுதல் நலம். எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதிவையும் திருத்துவித்தல் வேண்டும்.

எவ்வழியைத் தேர்ந்தாலும், பழுதின் காரணத்தைக் களையாது விடலாகாது. அடைபட்ட ரேடியேற்றரால் வெந்த எஞ்சினை அகற்றி, அதே ரேடியேற்றருடன் வேறொன்றைப் பூட்டினால், அதுவும் வேகும். எனவே முதலிற் காரணம், அடுத்து அளவு, பின்னர் இரு வழிகளுக்குமான முழுச் செலவுக் கணக்கு என்னும் ஒழுங்கிலே முடிவெடுப்பின், பணமும் காரும் ஒருங்கே காக்கப்படும்.