எந்த ஒயினரிக்குப் போகலாம்? வேலூர், ஆம்பூர்ல இருந்து கிளம்புறவங்களுக்கு

இன்னைக்கு எபிசோடு, பெங்களூரு பக்கம் ஒயினரி டூர் போக பிளான் போடுறவங்களுக்கு. ஒரே நாள்ல நாலு இடம்னு லிஸ்ட் போடாதீங்க. ரெண்டே போதும். எந்த ரெண்டு? அதைத்தான் பார்க்கப் போறோம்.

முதல்ல ஒரு வார்த்தை: டானின். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரங்களுக்கு இது புதுசு இல்லை. டேனரியில ஆவாரம்பட்டை, கடுக்காய், வாட்டில் பட்டை எல்லாம் எதுக்குப் போடுறாங்க? அதில இருக்கிற டானின், தோலில் உள்ள புரதத்தோடு பிணைஞ்சு, தோல் அழுகாம காப்பாத்துது. இப்போ பெரும்பாலும் குரோம்தான், ஆனா பட்டை முறையும் இருக்கு. சிவப்பு ஒயின் குடிச்சா வாய் வறண்டு இழுக்கிற துவர்ப்புக்கும் டானின்தான் காரணம். இங்க அது பிணையுறது உங்க எச்சிலில் இருக்கிற புரதத்தோட.

இந்த டானின் திராட்சையோட தோல்ல இருந்தும் விதையில இருந்தும் வருது. சிவப்பு ஒயினைத் தோலோட சேர்த்து நொதிக்க விடுவாங்க. வெள்ளை ஒயினுக்கு முதல்லயே பிழிஞ்சு தோலை எடுத்துடுவாங்க. ஓக் மரப் பீப்பாயும் கொஞ்சம் டானின் சேர்க்கும். இந்த வேலையைக் கண்ணால காட்டுற ஒயினரிதான் போறதுக்குத் தகுதியானது. வெறும் தோட்டத்துல போட்டோ எடுக்கவும் மேஜையில நாலு கிளாஸ் வைக்கவும் இவ்வளவு தூரம் போக வேண்டாம்.

அதனால புக் பண்றதுக்கு முன்னாடி போன் போட்டு மூணு கேள்வி கேளுங்க. நொதிக்கிற தொட்டியையும் பீப்பாய் அறையையும் உள்ள கூட்டிட்டுப் போய் காட்டுவீங்களா? டேஸ்டிங்ல பீப்பாய்ல வச்ச சிவப்பு ஒயின் உண்டா? இந்த வாரம் அறுவடை நடக்குதா?

மூணாவது கேள்வி ரொம்ப முக்கியம். நம்ம நாட்டுல ஒயின் திராட்சை அறுவடை பெரும்பாலும் ஜனவரி கடைசியில இருந்து மார்ச் வரைதான். மழைக்காலத்துல போனா கொடி பச்சையா இருக்கும், குலை இருக்காது.

அடுத்தது திசை. பெங்களூருவைச் சுத்தி ரெண்டு பக்கம் இருக்கு. வடக்கே நந்தி மலை அடிவாரம், தொட்டபல்லாபூர் பக்கம். இங்கதான் குரோவர் ஜாம்பா இருக்கு. 1988ல தொடங்கின பழைய கம்பெனி, 2012ல இன்னொரு நிறுவனத்தோட இணைஞ்சு இந்தப் பேர் வந்துச்சு. தென்மேற்கே மைசூரு சாலைப் பக்கம் பிக் பேன்யன், இன்னும் தள்ளி சென்னபட்டணா பக்கம் ஹெரிடேஜ். வடக்கே ஒண்ணு, தென்மேற்கே ஒண்ணுனு ஒரே நாள்ல சேர்த்தா, பாதி நாள் பெங்களூரு டிராஃபிக்லயே போயிடும்.

நீங்க எங்கிருந்து கிளம்புறீங்களோ, அதை வச்சே முடிவு பண்ணலாம். வேலூர்னா சித்தூர், பலமனேர், கோலார் வழியா ஹொஸ்கோட்டே வந்து, அங்கிருந்து தேவனஹள்ளி பக்கம் திரும்புங்க. ஊருக்குள்ள நுழையாமலே நந்தி பக்கம் போயிடலாம். ஆம்பூர்னா கிருஷ்ணகிரி, ஓசூர் வழியா பெங்களூரு சுமார் 160 கிலோமீட்டர். நைஸ் ரோடு பிடிச்சா நேரா மைசூரு சாலையில இறங்கலாம்.

வழியில பந்தல் போட்ட திராட்சைத் தோட்டம் பார்த்ததும் ஒயினரி வந்துடுச்சுன்னு நினைக்காதீங்க. நந்தி பக்கம் அதிகம் இருக்கிறது பெங்களூர் ப்ளூ. 2013ல புவிசார் குறியீடு வாங்கின ரகம், பெரும்பாலும் சாப்பிடவும் ஜூஸுக்கும்தான். நம்ம கம்பம் பன்னீர் திராட்சை மாதிரி. ஒயினுக்கான கொடிகளைப் பெரும்பாலும் கம்பி கட்டி வரிசை வரிசையா வளர்ப்பாங்க.

கடைசியா சீரியஸான விஷயம். வண்டி ஓட்டுறவர் ஒரு மடக்கு கூட குடிக்கக் கூடாது. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவுல குற்றம். மூணு நாலு டேஸ்டிங் கிளாஸ்ல அந்த அளவைத் தொட்டுடலாம். ராத்திரி ஹைவேல லாரிகளுக்கு நடுவுல வரணும்னு மனசுல வைங்க. டிரைவரோட போங்க, இல்லேன்னா அங்கேயே தங்கிட்டு மறுநாள் கிளம்புங்க. டேஸ்டிங் மேஜையில துப்புறதுக்குப் பாத்திரம் வச்சிருந்தா வெட்கப்படாம பயன்படுத்துங்க, ஒயின் தொழில்ல இருக்கிறவங்களே அப்படித்தான் செய்வாங்க.

அங்க பாட்டில் விலை கம்மின்னு டிக்கி நிறைய அள்ளிட்டு வர்ற ஐடியாவும் வேண்டாம். வெளிமாநில மதுவை அனுமதி இல்லாம தமிழ்நாட்டுக்குள்ள கொண்டு வந்தா மதுவிலக்குச் சட்டப்படி வழக்கு வரும். அதனால பாட்டில் விலையைப் பார்த்து ஒயினரியைத் தேர்வு பண்ணாதீங்க. அங்க நின்னு எதைப் பார்க்கப் போறீங்க, எதைச் சுவைக்கப் போறீங்கன்னு பார்த்து முடிவு பண்ணுங்க.