ஒரு தோல்வி... மொத்தமும் போச்சு! 'பால்டர்ஸ் கேட் 3' ஹானர் மோடில் எப்போ துணியணும், எப்போ ஓடணும்?

கேமில் தோற்றால் என்ன, பழைய சேவை லோடு செய்து மறுபடி ஆடலாம். ஃபேன்டஸி ஆர்பிஜி ரசிகர்களின் இந்த நிம்மதியைப் பறித்ததுதான் 'பால்டர்ஸ் கேட் 3' கேமின் ஹானர் மோட். இதில் அவசரப்பட்டாலும் நஷ்டம், ரொம்பப் பயந்தாலும் நஷ்டம். அப்போ எப்படித்தான் ஆடுவது?

ஹானர் மோட் என்றால் என்ன?

பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டுடியோஸ் உருவாக்கிய இந்த கேம் 2023 ஆகஸ்ட்டில் வெளியானது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த 5வது பேட்ச்சில் ஹானர் மோட் சேர்க்கப்பட்டது. மொத்த ஆட்டத்துக்கும் ஒரே ஒரு சேவ்தான். எடுத்த முடிவை மாற்ற முடியாது. குழுவில் இருக்கும் எல்லோரும் விழுந்துவிட்டால் ஹானர் மோட் முடிந்தது. கதையைத் தொடரலாம், ஆனால் சாதாரண ஆட்டமாக மட்டுமே. கடைசி வரை தாக்குப்பிடித்து ஜெயித்தால் தங்க நிற பகடை பரிசு.

எல்லாமே அதிர்ஷ்டமா?

இல்லை. இதில் உருட்டப்படுவது 20 முகப் பகடை. 11 அல்லது அதற்கு மேல் விழவேண்டும் என்றால் வாய்ப்பு 50 சதவீதம். 'அட்வான்டேஜ்' இருந்தால் இரண்டு பகடை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அப்போது அதே வாய்ப்பு 75 சதவீதமாகிவிடும். உயரமான இடத்தைப் பிடிப்பது, மறைந்திருந்து தாக்குவது, நண்பரின் மந்திர உதவி என முன்கூட்டியே செய்யும் ஏற்பாடுகள்தான் பகடையை நம் பக்கம் சாய்க்கின்றன.

ஓவர் ஜாக்கிரதை ஏன் ஆபத்து?

'அப்புறம் தேவைப்படும்' என்று மருந்துகளைப் பையிலேயே பூட்டி வைப்பவர்கள், அவை நிரம்பிய பையோடுதான் சாகிறார்கள். தோற்ற பகடையை மறுபடி உருட்ட உதவும் 'இன்ஸ்பிரேஷன்' புள்ளிகளையும் 4-க்கு மேல் சேமிக்க முடியாது.

சண்டைக்குச் சண்டை முகாமுக்குப் போய்த் தூங்குவதும் சரியல்ல. முழு ஓய்வுக்கு உணவுப் பொருட்கள் செலவாகும். கதையும் காத்திருக்காது. தீப்பிடித்து எரியும் விடுதியைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனால், உள்ளே சிக்கியவர்களைக் காப்பாற்ற முடியாது.

எல்லா சண்டையையும் தவிர்த்தால் லெவல் வேகமாக ஏறாது. இந்த மோடில் முக்கிய வில்லன்களுக்குக் கூடுதல் சக்திகள் வேறு உண்டு. பலம் இல்லாமல் அவர்கள் முன் நிற்பதுதான் பெரிய ரிஸ்க்.

எந்த ரிஸ்க்கை எடுக்கலாம்?

மூன்று கேள்விகள் போதும்.

1. தோற்றால் போவது என்ன? காசா, ஒரு தோழரா, மொத்த ஆட்டமா?

2. உருட்டும் முன் வாய்ப்பைக் கூட்ட வழி இருக்கிறதா?

3. தப்பிக்க வழி இருக்கிறதா?

மூன்றாவதுதான் முக்கியம். குழுவில் ஒருவரை மட்டும் சண்டையிலிருந்து தள்ளி நிறுத்தலாம். மற்ற மூவரும் விழுந்தாலும் அவர் முகாமுக்கு ஓடிவிட்டால் ஆட்டம் பிழைக்கும். முகாமில் இருக்கும் விதர்ஸ், 200 தங்கக் காசுக்கு ஒருவர் வீதம் இறந்த தோழர்களை உயிர்ப்பித்துத் தருவார். ஆனால் எதிரிகள் நெருங்கிவிட்டால் ஓட முடியாது. எல்லா இடத்திலும் இந்த வழி கிடைக்காது என்பதால், கதவைத் திறக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

மூவரை இழந்தாலும் ஒருவர் தப்பிக்க முடியும் என்றால் தாராளமாக இறங்கலாம். அந்த ஒருவருக்கும் வழி இல்லை என்றால், அங்கே திரும்பி நடப்பது கோழைத்தனம் இல்லை, கணக்கு.